கொப்பரை காயாமல் எண்ணெய் நிற்காது

தேங்காயை விலைக்குக் கொடுத்துவிட்டு எண்ணெயை விலைக்கு வாங்கும் வீடுகள் நம் கடைமடையில் அதிகம். காரைக்கால் மாவட்டத்தில் நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த குரும்பகரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். நெல்தான் இங்கே பயிர். தென்னை, கொல்லையிலும் வாய்க்கால் கரையிலும் நாலு மரம், ஆறு மரம் என்று நிற்பது. அதன் காயைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே வியாபாரி எண்ணி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பிறகு அதே வீட்டுக்குத் தலைக்கும் சமையலுக்கும் எண்ணெய் பாக்கெட்டில் வருகிறது. 2025-ஆம் ஆண்டின் நடுவில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியபோது, அந்த விலை ஏற்றம் நம் ஊர் மளிகைக் கடையிலும் தெரிந்தது. அப்போதுதான் பலருக்கு, ‘நம் காயை நாமே ஆட்டிக்கொண்டால் என்ன?’ என்ற எண்ணம் வந்தது.

நல்ல எண்ணம்தான். ஆனால் ஆட்டியவர்களில் பலர் இரண்டு மூன்று மாதத்தில், ‘எண்ணெய் காறிப்போய்விட்டது, விளக்குக்குத்தான் ஆகும்’ என்று சொல்லக் கேட்கிறோம். பழியைச் செக்கின் மேலோ, பாத்திரத்தின் மேலோ போடுகிறார்கள். குறை பெரும்பாலும் அங்கே இல்லை. கொப்பரை காய்ந்த களத்தில் இருக்கிறது. எண்ணெய் எத்தனை மாதம் நிற்கும் என்பது அதைப் பாத்திரத்தில் ஊற்றும்போது முடிவாவதில்லை. கொப்பரையை வெயிலில் பரப்பும்போதே முடிவாகிவிடுகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஏறக்குறைய 7 தேங்காய்க்கு ஒரு கிலோ கொப்பரை கிடைக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் செக்கில் சுமார் 1,600 கிராம் கொப்பரை வேண்டும். அதாவது ஒரு லிட்டருக்கு 11 காய். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தாக்கிய மரமாக இருந்தாலோ, காய் சிறுத்திருந்தாலோ 13 வரை போகலாம். புண்ணாக்கு அரை கிலோவுக்குக் குறையாமல் மிஞ்சும்.

உங்கள் ஊரில் காய் என்ன விலைக்குப் போகிறதோ, அதை 12-ஆல் பெருக்குங்கள். உரிகூலி, ஆட்டுகூலி இரண்டையும் சேர்த்து, புண்ணாக்கின் மதிப்பைக் கழியுங்கள். வரும் தொகைதான் உங்கள் ஒரு லிட்டர் எண்ணெயின் அடக்க விலை. அதைக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காய் விலை உச்சத்தில் இருக்கும்போது விற்பதே லாபம் என்று வந்தால் விற்றுவிடுங்கள், அதில் தவறில்லை. கணக்குப் பார்க்காமல் பழக்கத்துக்காக விற்பதும், பெருமைக்காக ஆட்டுவதும்தான் கூடாது.

நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கும் சமையலுக்குமாக மாதம் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் செலவானால், ஆண்டுக்குச் சுமார் 150 காய் போதும். நன்றாகக் காய்க்கும் இரண்டு மரம் அதைக் கொடுத்துவிடும். மிச்ச மரங்களின் காயை வழக்கம்போல் விற்கலாம்.

காயவைப்பதுதான் வேலையில் பாதி

முற்றிய காயின் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் அது கொப்பரை. அதற்கு மேல் ஈரம் இருந்தால் இரண்டு கேடு. ஒன்று, அந்த ஈரம் எண்ணெயோடு சேர்ந்து கொழுப்பை உடைக்கும். தேங்காய் எண்ணெயில் பாதிக்கு அருகில் லாரிக் அமிலம். அது உடைந்து வெளியே வரும்போது சோப்பு போன்ற சுவையும் காறல் வாடையும் வருகின்றன. இரண்டாவது, ஈரக் கொப்பரையில் பூசணம் பிடிக்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த பூசணம் ஆஸ்பர்ஜில்லஸ் வகையாக இருக்கலாம். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது. அடுப்புச் சூட்டில் அது அழியாது. ஆலையில் சுத்திகரித்த எண்ணெயில் அது பெருமளவு நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அப்படி நீங்க வழியில்லை. அதே கொப்பரையின் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அந்த நஞ்சின் சாயல் வரும். ஆகவே பூசணம் பிடித்த கொப்பரையைத் துடைத்துவிட்டு ஆட்டுவது என்ற வழக்கமே வேண்டாம். ஒதுக்குங்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

நம் ஊரில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் காற்று வறண்டது. நமக்குக் கடல் அருகில். பகலில் காய்ந்த கொப்பரை இரவுப் பனியிலும் கொண்டல் காற்றிலும் ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிறது. அந்த மாதங்களில் வெயிலை நம்பிக் கொப்பரை போடுவது வீண். தையிலும் மாசியிலும் களம் சம்பா நெல்லுக்கு வேண்டும், ஆளும் கிடைக்காது. ஆக, மாசிக் கடைசியில் தொடங்கி வைகாசி வரை நமக்கு முதல் பருவம். ஆடி, ஆவணி இரண்டாவது.

செய்ய வேண்டிய முறை இது:

11 முதல் 12 மாதம் முற்றிய காயை மட்டும் எடுங்கள். இளங்காயின் பருப்பு ரப்பர் போல் சுருங்கும், எண்ணெயும் குறையும். பறித்த காயை உரிக்காமல் நிழலில் மூன்று நான்கு வாரம் போட்டுவைத்தால் பருப்பு கெட்டிப்படும்.

காலையில் உடையுங்கள், உடைத்த அன்றே பகல் முழுதும் வெயில் படவேண்டும். முதல் நாள் வெயில் கிடைக்காவிட்டால் பருப்பின் மேல் பிசுபிசுப்பு வந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் மூடியின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி பரப்புங்கள். இரண்டு நாளில் ஓடு கழன்றுவிடும். பருப்பைத் தனியாக எடுத்து மேலும் நான்கைந்து நாள் காயவிடுங்கள்.

தார் ரோட்டில் போடாதீர்கள். தூசியும் வண்டிப் புகையும் எண்ணெயில்தான் சேரும். சிமென்ட் களம் அல்லது சுத்தமான தார்ப்பாய் போதும். பொழுது சாய்வதற்குள் அள்ளி மூடிவிடுங்கள்; பனி பட விடாதீர்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். ஓடு நீக்கியதும், முதல் நாளே 1 கிலோ பருப்பைத் தனியாக எடைபோட்டுத் துணிப்பையில் அடையாளம் வைத்து, மற்றதோடு சேர்த்துக் காயவிடுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் மாலையில் எடை போட்டு, எடை குறையாமல் ஒரே அளவில் நின்றால் காய்ந்துவிட்டது. ஒடித்தால் ‘படக்’ என்று முறியவேண்டும், வளையக் கூடாது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. இடையில் மழை வந்து நின்றுபோனால், காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த, தேங்காய் ஓட்டையே எரிபொருளாகக் கொண்ட உலர்த்திகள் உதவும். எந்த உலர்த்தியானாலும் சூடு 60 டிகிரிக்கு மேல் போகாமலும், புகை கொப்பரை மேல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொப்பரை வெள்ளையாக நிற்கக் கந்தகப் புகை போடும் வழக்கம் வியாபாரத்தில் உண்டு. வீட்டுக்கு ஆட்டும் கொப்பரைக்கு அது வேண்டவே வேண்டாம். விலைக்குக் கொப்பரை வாங்கி ஆட்டுகிறவர்கள், மூக்கை உறுத்தும் வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காய்ந்த கொப்பரையை மூட்டையில் கட்டி மழைக்காலத்துக்கு வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் அது மறுபடி ஈரம் கோத்துக்கொள்ளும். மழைக்காலத்துக்குக் கொப்பரையாக வைக்காமல் எண்ணெயாக வையுங்கள். ஒரே தடவையில் ஓராண்டுக்கு ஆட்டாமல் பங்குனியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை என்று பிரித்துக்கொண்டால் ஆறு மாத எண்ணெயைத்தான் காக்கவேண்டியிருக்கும். அது கடினமில்லை.

செக்கில் கேட்க வேண்டியவை

மரச்செக்கா, இரும்புச் செக்கா என்ற சண்டையைவிட, உள்ளே போகும் கொப்பரை எப்படி என்பதே முக்கியம். மூன்று விஷயங்களை மட்டும் செக்குக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஆட்டும்போது தண்ணீர் தெளிக்கக் கூடாது. முன்பு எள்ளோ கடலையோ ஆட்டியிருந்தால், முதலில் வடியும் எண்ணெயைத் தனியாகப் பிடித்து அதை முதலில் தீர்த்துவிட வேண்டும். உங்கள் கொப்பரையை வாங்கிக்கொண்டு, இருப்பில் உள்ள எண்ணெயை மாற்றிக் கொடுக்கக் கூடாது.

வைக்கும் முறை

ஆட்டிவந்த எண்ணெயை மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். தெளிந்ததை மட்டும் ஈரமில்லாத பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி ஒரு நாள் வெயிலில் வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். மிச்ச ஈரம் போவதற்கு அது நல்லதே. ஒரு நாளோடு நிறுத்துங்கள். நாள்கணக்கில் வெயிலில் வைத்தால் வெளிச்சமே எண்ணெயைக் கெடுக்கும். அடியில் தங்கிய கசட்டில்தான் ஈரம் அதிகம்; அதை எண்ணெயோடு விட்டுவைக்காமல் விளக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் தூக்கு, பீங்கான் ஜாடி, கண்ணாடிப் பாட்டில் இவை நல்லவை. ஈயம் பூசாத பித்தளை, செம்பு, துரு ஏறிய தகரம் வேண்டாம். செம்பும் இரும்பும் எண்ணெய் கெடுவதை விரைவுபடுத்தும். உரத்துக்கோ மருந்துக்கோ பயன்பட்ட கேனை எத்தனை கழுவினாலும் எண்ணெய்க்கு எடுக்காதீர்கள். பாத்திரத்தைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். உள்ளே காற்று குறையக் குறைய ஆயுள் கூடும். 10 லிட்டரை ஒரே கேனில் வைப்பதைவிட, ஒரு லிட்டர் பாட்டில் பத்தில் வைப்பது மேல். அன்றாடப் புழக்கத்துக்கு ஒரு சின்னப் பாட்டில். அதில் ஈரக் கரண்டியோ கையோ படக் கூடாது. தீரும்போது, மிச்சத்தின் மேல் புதியதை ஊற்றாமல், பாட்டிலைக் கழுவி வெயிலில் காயவைத்து நிரப்புங்கள். பழைய சொட்டு புதிய எண்ணெயையும் கெடுக்கும். அடுப்பு மேடையும் ஜன்னல் ஓரமும் எண்ணெய்க்கு இடமல்ல. இருட்டான அலமாரி போதும். நாலு மிளகு போட்டு வைக்கும் வழக்கத்தால் தீமை இல்லை. காயாத கொப்பரையை அந்த மிளகு காப்பாற்றிவிடாது.

24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். மார்கழி, தைக் காலையில் பாட்டில் வெள்ளையாக உறைந்திருந்தால் பயப்படாதீர்கள். இளவெந்நீரில் வைத்தால் உருகிவிடும். உறைவதை வைத்தே சுத்தமான எண்ணெய் என்றும் முடிவு கட்டாதீர்கள். பனங்கொட்டைப் பருப்பு எண்ணெய் கலந்திருந்தாலும் ஏறக்குறைய அப்படியே உறையும்.

அடுப்பில் அளவு

டெல்டா வீடுகளில் குழம்புக்கு நல்லெண்ணெய், பொரிக்கக் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் தலைக்கு என்ற பிரிவினை பழையது. இப்போது செல்போனில் வரும் செய்திகளைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் என்று மாறுகிறவர்களும், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை நோயையும் மறதி நோயையும் அது தீர்த்துவிடும் என்பதற்குச் சான்று இல்லை.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. 2020-இல், மனிதர்களிடம் நடத்திய 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிற தாவர எண்ணெய்களைப் பயன்படுத்தியவர்களைவிட இதைப் பயன்படுத்தியவர்களுக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது. இதனால் தேங்காய் எண்ணெய் விஷம் என்று பொருளில்லை. அளவு தேவை என்பதே பொருள். தாளிப்பதற்கும் கூட்டு, பொரியல், அவியலுக்கும் இதை வைத்துக்கொண்டு, நல்லெண்ணெய், கடலை எண்ணெயை விட்டுவிடாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். எல்லா எண்ணெயும் சேர்ந்தே ஒருவருக்கு நாளைக்கு மூன்று தேக்கரண்டி, மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வது நல்ல வரம்பு. மாரடைப்பு வந்தவர்கள், கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும். புகை வந்தால் அடுப்பைக் குறையுங்கள். மீன் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

உடம்புக்கு எங்கே, எங்கே கூடாது

தோல் வறட்சிக்கும் குதிகால் வெடிப்புக்கும் தேங்காய் எண்ணெய் நல்லது. குளித்து, ஈரம் ஒற்றி எடுத்தவுடன் தடவினால் தோலின் ஈரம் நிற்கும். நடவுக்கு இறங்கும் பெண்கள் காலில் எண்ணெய் தடவிக்கொள்வதில் பொருள் உண்டு. தோல் தண்ணீரில் ஊறுவதை அது குறைக்கும். கரையேறியதும் கழுவி, விரலிடுக்கைத் துணியால் துடைத்து உலரவிடுவதே சேற்றுப்புண்ணுக்கு முதல் தடுப்பு. புண் வாய் திறந்துவிட்டால் எண்ணெயை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

எண்ணெய் ஆகாத இடங்களும் உண்டு. பூச்சிமருந்து தெளிக்கப் போகும்முன் கையிலும் காலிலும் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெயில் கரையும் மருந்துகள் தோல் வழியே எளிதாக உள்ளே போகும். மருந்து மேலே பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், எண்ணெய் பூசாதீர்கள். தீக்காயத்தில் முதலில் ஊற்ற வேண்டியது குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கலாம்; மூக்கிலும் காதிலும் விடக் கூடாது. செதிலாகப் பொடுகு உதிரும் தலைக்கு எண்ணெய் கூடக்கூடப் பொடுகும் கூடலாம். காறிப்போன எண்ணெயைச் ‘சமையலுக்குத்தானே ஆகாது’ என்று உடம்புக்குத் தடவ எடுத்துவைக்காதீர்கள். அது தோலை உறுத்தும்.

விற்க நினைப்பவர்களுக்கு

தேங்காய் எண்ணெய் உணவா, தலைக்கா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018-இல் இரண்டு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புச் சொன்னார்கள். 2024 டிசம்பர் 18-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, சின்னப் பாட்டிலில் அடைத்திருப்பதாலேயே அது தலைமுடி எண்ணெய் ஆகிவிடாது, சமையல் எண்ணெயாகவே கருதலாம் என்று தீர்த்தது. அப்போது சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதமும் தலைமுடி எண்ணெய்க்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தலைமுடி எண்ணெய்க்கும் 5 சதவீதம்தான். வரி வேறுபாடு போய்விட்டாலும் பொறுப்பு போகவில்லை. உணவு எண்ணெய் என்று விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பதிவு வேண்டும், உதிரியாக அளந்து ஊற்றாமல், மூடி முத்திரையிட்டு, தயாரித்த தேதியும் கெடு தேதியும் போட்டு விற்க வேண்டும். எண்ணெயின் அமில மதிப்பு 6-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. காயாத கொப்பரையின் எண்ணெய் முதலில் தவறுவது இந்தச் சோதனையில்தான். மகளிர் குழுக்கள் பாட்டிலும் லேபிளும் வாங்குவதற்கு முன் உலர்த்துவதற்கு வழி செய்யுங்கள்.

துறையினர் செய்ய வேண்டியது

மத்திய அரசு 2026 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு 12,027 ரூபாய் ஆதரவு விலை அறிவித்திருக்கிறது. 2014-இல் அது 5,250 ரூபாய். விலை ஏறியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் நாலு மரக்காரருக்கு அந்த விலை எட்டுவதில்லை. அவரிடம் குவிண்டால் கணக்கில் கொப்பரையும் இல்லை, தரத்துக்குக் காயவைக்க இடமும் இல்லை.

ஆகவே கேட்பது பெரிய திட்டம் அல்ல. நெடுங்காடு போன்ற கொம்யூனுக்கு ஒரு பொது உலர்த்தி. அதோடு ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்று. மாதூர் வேளாண் அறிவியல் நிலையமும், செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பங்குனியில் ஒரு நாள், ஆடியில் ஒரு நாள், ஊர்க் களத்திலேயே கொப்பரை காயவைக்கும் செயல்விளக்கம் நடத்தலாம். கஜா புயலுக்குப் பிறகு தென்னங்கன்று கொடுக்க எடுத்த முயற்சியில் ஒரு பங்கு, நிற்கிற மரத்தின் காயை வீணாக்காமல் காப்பதற்கும் வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் மகசூல் பேசும் கூட்டத்தில், கடைசிப் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். அதைக் கேட்கப் பெண்களையும் அழையுங்கள். வீட்டு எண்ணெய்யைக் காப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

விவசாயிகள் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பங்குனியில் 50 காயை மட்டும் ஒதுக்குங்கள். எடைபோட்டுக் காயவைத்து ஆட்டுங்கள். ஒரு பாட்டிலில் தேதி எழுதித் தனியாக வைத்து, புரட்டாசியில் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை இல்லாமல் இருந்தால், ஆவணியில் ஆட்டியதோடு சேர்த்து உங்கள் வீட்டு மழைக்கால எண்ணெய்க்குக் கவலையில்லை. அடுத்த ஆண்டு எத்தனை காய் விற்பது, எத்தனை வைத்துக்கொள்வது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.